டர்பனில் ஒரு டூலா காப்பீடு எடுத்தபோது

விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், "உங்கள் தொழிலையும் நீங்கள் வழங்கும் சேவைகளையும் முழுமையாக விவரிக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. அதன்கீழே எழுதுவதற்கு நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். ரெசர்வோயர் ஹில்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அந்தப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தேன். டூலாவாக, அதாவது மருத்துவம் பாராமல் பிரசவத்தில் தாய்க்குத் துணையிருப்பவளாக, வேலை செய்யத் தொடங்கி அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்களில் தாயின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். ஆனாலும் நான் செய்வது எது, செய்யாதது எது என்பதை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு விளங்கும்படி நான்கு வரிகளில் எழுத எனக்கு வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் மூன்று பெண்கள், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை, அதாவது நம் வேலைக்காக யாராவது வழக்குப் போட்டால் கைகொடுக்கும் காப்பீட்டை, எங்கே எடுத்தேன், எவ்வளவு ஆகிறது என்று அண்மையில் கேட்டிருந்தார்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் தொலைபேசியிலேயே விடை சொல்லிவிடலாம். பாலிசிக்குள் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்பதுதான் தொலைபேசியில் அடங்காதது.

தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களைப் பதிவு செய்ய ஒரு கவுன்சில் உண்டு. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் 2005 ஆம் ஆண்டின் நர்சிங் சட்டத்தின்படி நர்சிங் கவுன்சில் பதிவு செய்கிறது. டூலாக்களுக்கென்று சட்டப்படி அமைந்த கவுன்சில் கிடையாது. பயிற்சி முடித்ததும் சான்றிதழ் தருவார்கள். அது உரிமம் ஆகாது. எங்கள் வேலையின் இயல்பும் அப்படிப்பட்டதுதான். ஜோஹன்னஸ்பர்க்கில் அப்போது கொரனேஷன் என்றும் இப்போது ரஹிமா மூசா தாய் சேய் மருத்துவமனை என்றும் அழைக்கப்படும் இடத்தில் நடந்து 1991 இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் பிரசவத்துக்கு வந்த தாய்மார்களுக்கு அருகிலிருந்து ஆறுதல் சொன்னவர்கள் மருத்துவப் பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பெண்கள். அப்படித் துணை கிடைத்த தாய்மார்களிடம் பதற்றம் குறைந்திருந்தது, ஆறு வாரம் கழித்துத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களும் அவர்களில் அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது. மருத்துவம் பாராமல் வெறுமனே கூட இருப்பதற்கு இவ்வளவு பலன் உண்டு என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வெறுமனே கூட இருப்பதை எந்தத் தொழில் வகையில் சேர்ப்பது என்று காப்பீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை.

நான் முதலில் அழைத்த நிறுவனத்தின் கணினிப் பட்டியலில் அழகுக்கலை நிபுணர் இருந்தார், யோகா ஆசிரியர் இருந்தார், டூலா இல்லை. தொலைபேசியில் பேசியவர், "பிரசவம் என்றால் மருத்துவச்சிதானே?" என்று தாமாகவே அந்த வகையில் என்னைச் சேர்த்துவிட்டு, பதிவு எண்ணைக் கேட்டார், இல்லை என்றதும் விண்ணப்பத்தை மூடிவிட்டார். இரண்டாவது நிறுவனம் என்னை மசாஜ் செய்பவராகச் சேர்த்து அன்றைக்கே குறைந்த விலையில் பாலிசி தர முன்வந்தது. மலிவு என்று நானும் ஏறத்தாழக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டிருந்தால், முதுகைப் பிடித்துவிடும்போது ஏதாவது ஆனால் காப்பு இருந்திருக்கும். பிரசவ அறையில் நான் சொன்ன ஒரு சொல்லுக்காக யாராவது வழக்குப் போட்டால் அந்தக் காகிதம் அடுப்பெரிக்கத்தான் உதவியிருக்கும்.

மருத்துவச்சி என்ற சொல் எனக்கு வேறொரு வகையிலும் தலைவலி கொடுத்தது. சாட்ஸ்வொர்த்தில் நான் போகும் வீடுகளில் வயதான ஆயாக்கள் என்னை வாய் நிறைய "மருத்துவச்சியம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் பலருக்குத் தமிழில் மீந்திருப்பவை சமையல், சாமி, பிள்ளைப்பேறு பற்றிய சொற்கள்தாம். ஓர் ஆயா, தம் தாயார் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் ஒரு மருத்துவச்சியின் கையில் பிறந்தவர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, அந்தச் சொல்லை நான் எப்படி மறுக்க முடியும்? ஆனால் என் பழைய துண்டறிக்கையில் நானே தமிழில் "மருத்துவச்சி" என்று அச்சடித்திருந்தேன். பதிவில்லாமல் அந்தப் பெயரில் தொழில் செய்வது இங்கே சட்டப்படி குற்றம். தவிர, பாலிசியில் ஒரு பெயரும் விளம்பரத்தில் வேறொரு பெயரும் இருந்தால் நாளைக்கு இழப்பீட்டுக் கோரிக்கை வரும்போது அதுவே நிறுவனம் கைகழுவிவிடப் போதுமான காரணமாகும். மீதமிருந்த துண்டறிக்கைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "பிரசவத் துணை" என்று புதிதாக அச்சடித்தேன். ஆயாக்கள் இன்னும் பழைய பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். அதைக் காப்பீட்டுக்காரர் பொருட்படுத்துவதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாண்டுகள் காப்பீடு இல்லாமலே ஓட்டியவள் திடீரென்று விழித்துக்கொண்டதற்கு 2018 குளிர்காலத்தில் நடந்த ஒன்று காரணம். முதல் பிரசவம் காணவிருந்த ஒரு பெண் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் எழுதினார்: "ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை வலிக்குது அக்கா. இன்னும் வீட்டுலயே இருக்கலாமா?" நான் தூக்கக் கலக்கத்தில் பதில் போட்டேன்: "இருக்கலாம்மா. வெந்நீர்ல குளிங்க, தெம்பா இருக்கும்." விடியற்காலை நான்கு மணிக்கு மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு சரியில்லை என்று அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள்; குழந்தை நான்கு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து நலமாக வீடு திரும்பியது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் கணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் அனுப்பிய எல்லாச் செய்திகளின் நகலும் வேண்டும், வழக்கறிஞரிடம் ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று மூன்றே வரிகள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்று இன்று எழுதுகிறேன். அன்றோ வாசலில் கூரியர் வண்டி நின்றாலே வயிற்றைக் கலக்கும்.

"இருக்கலாம்மா" என்பதை ஆறுதலாகத்தான் சொன்னேன். வெளியிலிருந்து படிப்பவருக்கு அது மருத்துவ ஆலோசனை. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பேசுவது இந்த இடத்தைப் பற்றித்தான்: சொன்னது, சொல்லத் தவறியது, செய்தது, செய்யத் தவறியது. நான் கொண்டுபோகும் பிரசவப் பந்து தடுக்கி யாராவது விழுந்தால் அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள், விலையும் பெரிதாகக் கூடுவதில்லை. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதாக ஒரு முகவரிடம் போனேன். நிதி ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முகவர் ஒவ்வொருவரும் தாமே உரிமம் பெற்றிருக்க வேண்டும், அல்லது உரிமம் பெற்ற நிறுவனத்தின்கீழ் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை நிதித்துறை நடத்தை ஆணையத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம். சரிபார்த்தேன். இவர் டர்பனில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசத் தெரியாது, "அக்கா" என்ற சொல் மட்டும் தெரியும். என் நான்கு வரிகளைப் படித்துவிட்டு, "அக்கா, இது போதாது. நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை கையால் எதையெல்லாம் தொடுகிறீர்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார்.

அப்படி எழுதிப் பார்த்தபோதுதான் விவகாரமே தொடங்கியது. பிரசவ அறைக்குள் நான் செய்பவற்றில் சிக்கல் அதிகமில்லை. உள்பரிசோதனை செய்வதில்லை, இதயத்துடிப்பு பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் செய்தவைதான் ஒரு பக்கத்தைத் தாண்டின. நம் தாய்மார்கள் என்னைத் தேடி வருவதே பாதி அதற்காகத்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவேன், என் பாட்டி செய்ததைப் போல. குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை போடுவேன். தாய்க்குப் பருத்திப் புடவையால் வயிறு கட்டிவிடுவேன். சுக்குக் கசாயம் காய்ச்சுவேன். ஊரிலிருந்து வரும் பிரசவ லேகியத்தில் நெல்லிக்காயளவு எடுத்துக் கொடுப்பேன். இவற்றை முகவர் வரிவரியாகப் படித்துவிட்டு, மூக்கில் எண்ணெய் என்ற இடத்தில் பேனாவை வைத்து நிமிர்ந்து பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும் என்று குழந்தை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருவது எனக்குத் தெரியாததல்ல. பாட்டி மேலிருந்த பாசத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வர மூன்று வாரம் ஆனது. வயிறு கட்டுவதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இயல்பான பிரசவத்துக்குப் பின், மருத்துவரோ மருத்துவச்சியோ சரி என்று சொன்னதை எழுதி வைத்திருந்தால் மட்டும். தனியார் மருத்துவமனைகளில் பத்துப் பிரசவங்களில் ஏழுக்கு மேல் அறுவை சிகிச்சையாக நடக்கும் நாட்டில் இந்த ஒரு நிபந்தனையே என் வயிறு கட்டும் வேலையைப் பெரிதும் சுருக்கிவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் புகை போடுவதும் விலக்கப்பட்டன. உள்ளுக்குச் சாப்பிடக் கொடுக்கும் எதற்கும் காப்பு கிடையாது என்று கசாயமும் லேகியமும் ஒரே வரியில் போயின. நான் சமைத்துக் கொடுக்கும் பூண்டுக் குழம்பும் ரசமும் அந்த வரியில் சேருமா என்று எழுதிக் கேட்டேன். முகவர் சிரித்தார், ஆனாலும் கேட்டு, அவை உணவு என்று மின்னஞ்சலில் பதில் வாங்கித் தந்தார். அந்த மின்னஞ்சலை அச்சிட்டுப் பாலிசியோடு வைத்திருக்கிறேன். இப்போது குளிப்பாட்டுவது பாட்டிமாரின் வேலை. நான் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து துண்டைச் சூடாக வைத்திருக்கிறேன். என்னை நம்பி வந்த ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு இதனால் மனத்தாங்கல். கை சும்மா இருப்பதற்கா காசு என்று ஒரு மாமியார் கேட்டேவிட்டார்.

அடுத்த கேள்வியில் 2018 மறுபடி வந்து நின்றது. "உங்கள்மீது கோரிக்கை வரக்கூடிய சூழ்நிலை ஏதேனும் உங்களுக்குத் தெரியுமா?" இல்லை என்று எழுதிவிட ஒரு கணம் கை போனது. விவேகமுள்ள சாதாரண மனிதர் ஒருவர் எதைத் தெரிவித்தாக வேண்டும் என்று கருதுவாரோ அதை மறைத்தால், காப்பீட்டு நிறுவனம் பாலிசியையே செல்லாததாக்கலாம். குறுகிய காலக் காப்பீடு பற்றிய 1998 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. வழக்கறிஞர் என்ற சொல் வந்த மின்னஞ்சலைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று எந்த விவேகி சொல்வார்? எழுதினேன். அந்தப் பிரசவம் தொடர்பான எதற்கும் காப்பு இல்லை என்று ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது. மற்றவற்றுக்கு 2019 மார்ச் 1 முதல் காப்பு தொடங்கியது.

"மார்ச் 1 முதல்" என்பதற்குள் இரண்டு கதவுகள் இருக்கின்றன. இத்தகைய பாலிசிகள் பெரும்பாலும் கோரிக்கை வந்து சேரும் நாளைக் கணக்கில் எடுப்பவை. சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தது, கோரிக்கை வந்த நாளில் இல்லை என்றால் பயனில்லை. அதேபோல, பாலிசியில் குறித்திருக்கும் முன்தேதிக்கு முந்தைய வேலைக்கும் காப்பு இல்லை. என் முன்தேதியும் தொடக்கத் தேதியும் ஒன்றே. ஆகவே அதற்கு முந்தைய நாற்பது சொச்சம் பிரசவங்களும் கதவுக்கு வெளியேதான் நிற்கின்றன, இன்றைக்கும். நிறுவனத்தை மாற்றினால் பழைய முன்தேதியைப் புதிய பாலிசியிலும் எழுதி வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று மாறி, இந்த ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் அத்தனை ஆண்டு பிரீமியமும் வீண். ஒரு மாதம் கட்டத் தவறுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிரசவத்தோடு தொடர்புள்ள வேலைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காலக்கெடு நீளமானது. 1969 ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி இழப்பீடு கேட்கப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தாம். தாய் தமக்காகக் கேட்பதற்கு அதுவே பொருந்தும். ஆனால் கேட்பவர் குழந்தையானால், அவர் சட்டப்படி வயது வந்தவராகி ஓராண்டு ஆகும்வரை அந்தக் கெடு முடிவதில்லை. இங்கே வயது வந்தவராவது 18 இல். ஆக, இன்று பிறக்கும் குழந்தை 19 வயதுவரை வழக்குத் தொடுக்கலாம். மூளை பாதிப்புள்ள பிள்ளைக்கு அது மேலும் நீளக்கூடும். பெருமூளை வாதம் தொடர்பான வழக்குகளில் வாழ்நாள் முழுவதற்குமான பராமரிப்புச் செலவைக் கணக்கிட்டு கோடிக்கணக்கான ராண்ட் தீர்ப்பாவதும், மகப்பேறு மருத்துவர்கள் பிரீமியமாக மட்டுமே ஆண்டுக்குப் பல லட்சம் ராண்ட் கட்டுவதும் அதனால்தான். டூலாவை யார் வழக்கில் இழுக்கப் போகிறார்கள் என்பார்கள். அறையில் இருந்தவர் எல்லாரையும் முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு சிலரை விடுவிப்பதும் வழக்கறிஞர்கள் செய்யக்கூடியதுதான். விடுவிக்கப்படும்வரை நம் தரப்பு வழக்கறிஞருக்கு யார் பணம் கொடுப்பது? தீர்ப்புத் தொகைக்காக அல்ல, அந்தச் செலவுக்காகவே நான் எடுத்தேன். ஆகையால் வழக்குச் செலவு காப்புத் தொகைக்குள்ளேயே அடங்குமா, அதற்கு மேற்பட்டுத் தனியாகக் கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள். என்னுடையது 50 லட்சம் ராண்ட். வழக்குச் செலவு அதற்குள்ளேயே அடங்கும். வெளியே எழுதித் தருபவர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுப் பிரீமியம், 15 விழுக்காடு வாட் வரியோடு, ஒரு பிரசவத்துக்கு நான் வாங்கும் கட்டணத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட.

தாயிடம் "எதற்கும் டூலா பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் வாங்குகிறேன். ஆனால் 2008 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய வரியை எளிய மொழியில், கண்ணில் படும்படி வைக்கச் சொல்கிறது. பெரும் அலட்சியத்துக்குரிய பொறுப்பை எந்தக் கையெழுத்தாலும் நீக்க முடியாது என்றும் சொல்கிறது. அதேபோல, இங்கிலாந்து, அமெரிக்கா டூலாக்களுக்கென்று இணையத்தில் ஆயத்தமாக விற்கும் பாலிசிகளை வாங்கிவிடாதீர்கள். அவை எந்த நாட்டில் நடந்த வேலைக்கு, எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கும். அங்கே பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா இருக்காது. என் பாலிசியிலும் அதே வேலி மறுபக்கமாக இருக்கிறது. சென்னையிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வீடியோவில் பேசும் தாய்மார்களுக்கு எனக்குக் காப்பு இல்லை என்று தெரிந்ததும், அவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எனக்கு இன்னும் ஒட்டாத நிபந்தனை ஒன்று உண்டு. நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது. ஒரு வீட்டில் துக்கம் நடந்தால், "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்பது நம் வாயில் தானாக வருவது. அதில் குற்ற ஒப்புதல் ஏதுமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் எழுத்தாக நின்றுவிட்டால் அதை யார் எப்படி மொழிபெயர்ப்பார்களோ? "உங்கள் வேதனையில் பங்குகொள்கிறேன்" என்று எழுதலாம், மன்னிப்பு என்ற சொல் வேண்டாம் என்றார் முகவர். சென்ற ஆண்டு ஒரு தாய்க்கு எட்டாம் மாதத்தில் குழந்தை தவறியது. யாருடைய பிழையும் இல்லை. அவருக்கு எழுதுவதற்காகக் கைபேசியை எடுத்து, அந்த அனுமதிக்கப்பட்ட வாக்கியத்தைத் தட்டச்சு செய்து, அழித்துவிட்டு, நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முறையிட, நான்கு குறைதீர்ப்பு அமைப்புகளை ஒன்றிணைத்து 2024 மார்ச் 1 முதல் இயங்கும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

தேவைப்படுவது அலமாரி. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, என்ன கேட்டார், என்ன சொன்னேன், பிரசவ அறைக்கு அழைத்துக் கேட்கச் சொன்னேனா, செவிலியர் எப்போது வந்தார். இப்போதெல்லாம் நள்ளிரவுக் கேள்விக்கு என் பதில், "பிரசவ அறை எண்ணுக்கு இப்பவே கூப்பிட்டுக் கேளுங்கம்மா, நான் கிளம்பறேன்" என்பதுதான். உடல்நலத் தகவல் என்பதால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நோட்டுகளைப் பூட்டி வைக்க வேண்டும். வழக்குக் கெடுவைப் பார்த்தால், பத்திரமாக வைக்க வேண்டிய ஆண்டுகளோ 19. முதல் நோட்டிலுள்ள குழந்தை 2014 இல் பிறந்தது, 2033 வரை அது அலமாரியில் இருக்கும். நான் இந்த வேலையை விட்டபின் வரும் கோரிக்கைக்கும் காப்பு நீடிக்க வேண்டுமானால் அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டும். எத்தனை ஆண்டுக்குக் கொடுப்பார்கள் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பாலிசியை மார்ச் 1 இல் புதுப்பிக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.